மிக்கேலம்மாள் வாய் திறந்த நாள்

ஏரியூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு சாவு விழுந்தால், சொந்தபந்தத்துக்கு ஆள் போவதற்கு முன்னால் மிக்கேலம்மாள் வீட்டுக்கு ஆள் போகும். அவள் வந்து ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகையே வரும். செத்தவர் கும்பிட்டது மாதாவையா மாரியாத்தாவையா என்றெல்லாம் அவள் பார்க்கமாட்டாள். வாசலில் நின்றபடி பேர் என்ன, எதை விரும்பித் தின்பார், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று கேட்டுக்கொள்வாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தாளென்றால், செத்தவர் எழுந்து வந்து தண்ணீர் கேட்பது போலப் பாட்டு வரும். மற்ற நாட்களில் அவள் ராகிக் கொல்லையில் களையெடுக்கிற சாதாரணக் கூலிக்காரிதான்.

அப்படிப்பட்டவள் நாலு வருஷமாகப் பாடவில்லை. எந்தச் சாவுக்கும் போகவில்லை. கூப்பிட வந்தவர்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அறுபத்தெட்டாம் வருஷம் அவளுடைய ஒரே மகன் அருள்சாமி, காப்பித் தோட்டத்து வேலைக்கென்று கும்பலோடு சிக்மகளூர்ப் பக்கம் போனான். அந்த மழைக்காலத்தில் அவர்களை ஏற்றிப் போன லாரி ஒரு காட்டாற்றைக் கடக்கும்போது கவிழ்ந்தது. சிலர் நீந்திக் கரையேறினார்கள். சிலருடைய உடம்பு கிடைத்தது. அருள்சாமியின் உடம்பு கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர்கள், "தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுங்க" என்றார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க கண்ணால பாத்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினாள். பெண்ணாகரத்திலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குகிறவர்களின் முகத்தையெல்லாம் போய்ப் பார்ப்பாள். கன்னடம் பேசுகிறவர் யாராவது கண்ணில் பட்டால் மகனுடைய அடையாளத்தைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வாள். கணவன் சின்னப்பராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான்.

"அவன் பேருக்கு ஒரு பூசையாவது வெக்கலாம் மிக்கேலு. ஆத்துமா அலையக் கூடாது."

"யாரு ஆத்துமா? நாளைக்கே வந்து நிக்கறான்னு வெய்யி. அவன் மூஞ்சில எப்படி முழிப்ப?"

சின்னப்பராஜ் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் பாவம், அழக்கூட அனுமதி இல்லாத தகப்பன்.

அவள் பாடாததற்கும் இதுதான் காரணம். சாவு வீட்டில் கூடுகிற பெண்கள் கிடக்கிற பிணத்துக்காக மட்டும் அழுவதில்லை; ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவை நினைத்துத்தான் அழுகிறாள். வாயைத் திறந்தால் தன் மகன் பாட்டுக்குள் வந்துவிடுவான் என்று மிக்கேலம்மாள் பயந்தாள். வந்துவிட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவான். வராத பாட்டோ உள்ளேயே கிடந்து அவளைத் தின்றது. களையெடுக்கும்போது ஒரு வரி வரும், தண்ணீர் சேந்தும்போது ஒரு வரி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கிவிடுவாள்.

எழுபத்திரண்டில் தங்கம்மாள் என்று ஒரு அரசாங்கக் கிராம சேவிகா வந்து சேர்ந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண். வேலைக்கு வந்த புதுசு, மூன்று மாதத்தில் ஊரைத் திருத்திவிடலாம் என்று நம்புகிற வயசு. மாதர் சங்கத்தில் மாதம் ஒருநாள் உள்ளூர்ப் பெண் ஒருத்தி எழுந்து, தான் ஆசையாகச் செய்கிற காரியத்தைப் பற்றிப் பேச வேண்டும், அதை மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தாள். முதல் மாதம் வந்து உட்கார்ந்தவர்கள், ரவை உப்புமா உண்டு என்பதால் வந்தவர்கள்.

ஆனால் இரண்டாம் மாதம் பேசிய ரஹமத் பீவி எல்லாரையும் உலுக்கிவிட்டாள். கடைவீதியில் குடியிருக்கும் அந்த அம்மாள், துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கண்ணைப் பறிக்கிற மெத்தை விரிப்பு தைப்பாள். "புருசன் போனப்ப இந்த ஊசிதாங்க என்னைப் பைத்தியமாகாம வெச்சுது. இத நான் ஒருத்தியே வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்று சொல்லி, தான் தைத்த விரிப்பையே பிரித்துத் தையலைக் காட்டிக்கொடுத்தாள். கடைசி வரிசையில் இருந்த மிக்கேலம்மாள் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி வைத்திருக்கிறவள் கொடுக்கலாம். தன்னிடம் இருப்பதை யாருக்குக் கொடுப்பது?

"அடுத்த மாசம் யாரு?" என்று சேவிகா கேட்டதும், "நல்லாப் பாடறது மிக்கேலம்மாதானுங்க" என்று எவளோ சொல்லிவிட்டாள். சேவிகா அது என்ன பாட்டு என்று கேட்கவில்லை. மிக்கேலம்மாளும் மறுக்கவில்லை. பேசத்தானே சொல்கிறார்கள், பாடவா சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் மத்தியான வெயில் தணிகிற நேரம். மிக்கேலம்மாள் சுவரோரம் நின்றுகொண்டு, நாலு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினாள்.

"செத்தவங்க நல்லவங்கன்னு பாடினா ஒருத்தருக்கும் அழுகை வராதுங்க. அவரு தாளிப்புல கடுகு கருகினா கோவிச்சுக்குவாருன்னு பாடணும். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் பெத்தவளுக்கு அது தன் புள்ளைன்னு தெரியணும். அதாங்க பாட்டு."

கூட்டம் அசையாமல் கேட்டது. சேவிகாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஒண்ணு பாடிக் காட்டுங்க, எல்லாரும் கத்துக்கட்டும்" என்றாள்.

அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி பாடுவது சாவைக் கூப்பிடுவது என்பது சேவிகாவுக்குத் தெரியாது. அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. மிக்கேலம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி தீர்த்தம்மாள் வாசலை மறித்து நின்றுகொண்டு சொன்னாள்.

"கேட்டுட்டாங்க, இனி பாடாம போனாலும் தப்பு. பேரு சொல்லாம மட்டும் பாடாத, பேரில்லாத பாட்டு ஆளத் தேடும். எப்பவோ செத்தவங்க பேர ஒண்ணச் சொல்லிப் பாடிடு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது."

"எங்க மாமனாரு பச்சியப்பன் பேர வெச்சுக்க. அவரு போயிப் பத்து வருசம் ஆவுது" என்றாள் ஒரு மருமகள், தாராளமாக.

மிக்கேலம்மாள் சுவரை விட்டு நகர்ந்தாள். ஓடிவிடலாமா என்று பார்த்தாள். வாசலில் தீர்த்தம்மாள். பச்சியப்பன் என்று பேரைச் சொல்லி, கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

"ஆத்துத் தண்ணி கண்டாலே
அழுது நிப்ப சின்னதுல
சேத்துத் தண்ணி உன்ன வந்து
சேத்தணச்சுப் போனதென்ன

பெட்டியில மடிச்சு வெச்சேன்
பூப்போட்ட சட்டையய்யா
கட்டியழ ஒடம்பில்லாம
காத்தக் கட்டி அழுவறனே"

பச்சியப்பன் ஆயுசுக்கும் சட்டை போட்டதில்லை. எண்பது வயதில் படுக்கையில் செத்தவர். மருமகள் முதலில் முழித்தாள். பிறகு அவளுக்கும் விளங்கிவிட்டது. எழுந்து நின்ற தாய்மார்கள் குழந்தைகளை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்கள். சேவிகா மட்டும் யாராவது சொல்லமாட்டார்களா என்று முகம் முகமாகப் பார்த்தாள்.

தீர்த்தம்மாள் கிட்டே வந்து மிக்கேலம்மாளின் தோளில் கை வைத்தாள்.

"இந்தப் பாட்டு அவருக்கு ஒட்டல மிக்கேலு. பேர மாத்து."

"மாட்டேன்" என்றாள் மிக்கேலம்மாள். "மாத்தினா அவன் செத்துப் போயிடுவான்."

"பாட்ட முழுசாக் கட்டி வெச்சிருக்கற. உனக்குத் தெரியாதாடி?"

தெரியும். கும்பலில் திரும்பி வந்தவர்கள் சொன்ன அன்றே அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாக அவள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாததால் அல்ல. மிக்கேலம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"அருளு. அருள்சாமி."

பெண்கள் நகர்ந்து வந்து அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். சாவு வீட்டில் செய்வது போலவே தலையோடு தலை சேர்த்து, தோள்மேல் கை போட்டுக்கொண்டார்கள். அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தார்கள். எப்போதும் அவள்தானே எடுத்துக் கொடுப்பாள். அவள் தலையை ஆட்டினாள்.

"நான் இல்ல. இத்தனை பெத்தவளுங்களுக்கு நான் பாடினேன். எனக்கு ஒருத்தரும் பாடல. நீங்க பாடுங்க."

தீர்த்தம்மாளுக்குக் குரல் கிடையாது, ராகமும் வராது. இப்போதுதான் கேட்ட வரிகளை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டு, அருள்சாமி என்று பேரைச் சேர்த்து ஆரம்பித்தாள். ரஹமத் பீவி பின்னால் சேர்ந்துகொண்டாள், பிறகு மற்றவர்களும். இரண்டாவது வரியிலேயே பாட்டு தப்பாகப் போயிற்று. மிக்கேலம்மாள் திருத்தவில்லை. தீர்த்தம்மாளின் மடியில் முகத்தைப் புதைத்து, பெற்றவள் அழுகிற மாதிரி அழுதாள்.