காலில் வளையம் போட்ட கரண்டிவாயன்

ஐந்து நாளாகச் சேற்றோரம் குந்தியிருந்து அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. சதுப்பில் இரைதேடும் வெள்ளைக் கரண்டிவாயன் பறவை ஒன்றின் காலில் யாரோ மாட்டிய வளையம் இருந்தது. அதிலுள்ள எண் படத்தில் தெரிந்தால்தான் அது எங்கிருந்து வந்ததென்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். ஐந்து நாளும் மேகமூட்டம். கறுத்த கால் படத்தில் இருட்டாகவே விழுந்தது.

"நம்ம ஸ்டுடியோவுக்கு வர்றவங்கள அசையாதீங்கன்னு அதட்டுவியே, இதையும் அதட்டிப் பாரேன்," என்றார் குடை பிடித்திருந்த கணவர்.

"நீங்க குடையப் பிடிங்க, போதும்."

அவள் கேமராவில் வெளிச்சத்தை இன்னும் கூட்டி வைத்தாள். அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் அடித்தது. பறவையும் மேடேறி நின்றது. கூட்டியதைக் குறைக்க மறந்து மளமளவென்று பத்துப் படம் எடுத்தாள். அது பறந்துபோனது.

திரையில் சுண்ணாம்பு அப்பியதுபோல ஒரே வெள்ளை.

"போச்சு. இத்தனை வருஷம் தொழில் பார்த்து என்ன புண்ணியம்?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். "உடம்பு போனாப் போகுது. காலைப் பாரு."

கறுத்த கால் சாம்பலாக வெளுத்திருந்தது. வளையத்தில் நான்கு இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன.

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அவரை எழுதிக்கொள்ள வைத்தாள். பிறகு, தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள்.