வேப்பமரம் வரைக்கும்

ராஜபாளையத்தில் ஒரு பகல் காட்சி. டப்பிங் படம். செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து ஒருவன் கூட்டி வருகிறான். மேலே வந்து சேரும்வரை அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலுக்கு வந்ததும் பார்த்துவிடுகிறான். அவள் இருட்டுக்குள் போய்விடுகிறாள்.

பக்கத்து இருக்கைக்காரர் ‘ச்சு’ என்றார். அறுபது வயதிருக்கும். புருவங்கள் கருகிப் பாதிதான் இருந்தன. மடியில் கடலைப் பொட்டலம். முன்பின் தெரியாத எனக்குப் படம் முழுக்க நீட்டிக்கொண்டே இருந்தார்.

விளக்கு போட்டதும், “இது கிரேக்கப் புராணத்துல உள்ள கதை, அண்ணாச்சி” என்றேன்.

“அங்கயும் அப்படித்தானா? எனக்கு மயானத்துல வேலை. கொள்ளி வச்சவுகள, திரும்பிப் பாக்காமப் போங்கன்னு தினமும் சொல்லுதேன்.”

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். “எங்கப்பாவுக்குக் கொள்ளி வச்சிட்டு நான் திரும்பிப் பாத்துட்டேன்.”

அவர் ஒரு கடலையைக் கசக்கித் தோலை ஊதினார்.

“மயானத்து வாசல்ல நிக்கிற வேப்பமரம் வரைக்கும் எல்லாரும் ஒழுங்காத்தான் போவாக. அங்க போயித் திரும்பிப் பாத்துருவாக. பாக்காமப் போன மவன நான் இன்னும் பாக்கல.”

“பொறவு எதுக்குச் சொல்லுதீக?”

“சொல்லலன்னா அங்கேயே நின்னுக்கிட்டிருப்பாகள்ல. வேப்பமரம் வரைக்குமாவது நடக்கட்டும்.”

மிச்சக் கடலையை என் கையில் கொட்டிவிட்டு, விடைபெறாமல் வெளியே நடந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, அவர் போன திசையைத் திரும்பிப் பார்த்தேன். இந்த முறை மனசு உறுத்தவில்லை.