ஏசித் தண்ணீரில் வளர்ந்த தக்காளி

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும். சில நாள் இரண்டு. மேல்மாடியிலிருந்து வருகிற பக்கெட்டுக்கு மூடி போட்டு, மூடி பறக்காமல் மேலே பாதிச் செங்கல் வைத்திருக்கும். எதிர்வீட்டுப் பக்கெட்டுக்கு மூடியெல்லாம் கிடையாது, பழைய பெயின்ட் டப்பா. இரண்டிலும் இருப்பது ஏசி சொட்டுச் சொட்டாக வடித்த தண்ணீர். புதிதாகக் குடிவந்தவர்கள் பார்த்துவிட்டு, இது என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் வேன் ஓட்டுகிறவன். செய்யூர்ப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம் எங்களுடையது. எனக்கு வாய்த்தது ஸ்டியரிங். திருவிடந்தையில் வாடகைக்கு இருக்கிறோம், கடலுக்குக் கூப்பிடு தூரம். ஈசிஆர் கடற்கரைச் சாலையில் வழிநெடுக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் இறக்குவேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மதியம் சாப்பிட்டது என் மனைவி சமைத்ததைத்தான். காலையில் வேனில் ஆட்கள் ஏறும் முன்பே கேரியர்கள் ஏறிவிடும். சாம்பார் வாசனையில் தூக்கம் கலைந்தது என்று ஒரு பெண் சொல்வாள். கண்ணாடி ஏற்றிய ஏசி வேனில் அது எப்பேர்ப்பட்ட சொல் என்று ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

பிறகு என் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது, போகும்போது அவள் மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. மூக்கடைப்பு இல்லை, சளி இல்லை. வாசனைதான் இல்லை. பூண்டு, மல்லி, பினாயில், எல்லாம் ஒன்றுதான். அடுப்பில் கடுகு கருகிப் புகை வந்த பிறகுதான் கருகியது தெரியும். அவள் உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கிறவள் இல்லை, கொதி வாசனையிலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் கெட்டுப்போன தேங்காயைச் சட்னியில் அரைத்துக் கேரியரில் கட்டிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை, பாதி மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கே கேரியர்களைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். "ஊருக்கு வெசம் வெக்கிறதுக்கா நான் சமைக்கிறேன்" என்றாள். அதோடு அடுப்படி என் கைக்கு வந்தது. நான் சமைத்ததை அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். நாலு விதமான வாசனையைக் காலையும் மாலையும் முகர வேண்டும், முகரும்போது அது எப்படி இருக்கும் என்று மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும், மூக்கு மெதுவாகப் பழசைக் கற்றுக்கொள்ளும், அவசரப்படக் கூடாது. கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள், சூடம் என்று நாலு டப்பா வைத்தேன். கொஞ்ச நாள் செய்தாள். பிறகு, நாலிலும் வருவது ஒரே காற்றுதான், காற்றை முகர எதற்கு டப்பா என்று விட்டுவிட்டாள்.

ஆபீஸ் வாசலில் வேனைப் போட்டுவிட்டால் சாயங்காலம்வரை எனக்கு போன்தான் துணை. வாடாமல் இருக்கிற, தொட்டாலே கையில் ஒட்டுகிற வாசனை எது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தக்காளிச் செடி. பழம் இல்லை, செடி. காம்பைத் தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாதே, அது. ஆனால் எங்கள் மொட்டைமாடியில் உப்புக் காற்று இலையைப் பொரித்துவிடும். போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்றால், குளித்துவிட்டு வந்தால் உடம்பில் கோலம் போடலாம். மண்ணே வேண்டாம், வீட்டுக்குள் தண்ணீரிலேயே வளர்க்கலாம் என்று எங்கோ கேட்டிருந்தேன். போனில் தேடினேன்.

தேடினால் வந்து விழுந்ததெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் கஞ்சாச் செடி வளர்க்கிற வீடியோ. அவர்கள் ஊர்ச் சட்டம் அவர்களுக்கு. இங்கே வளர்த்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். முதலில் பயந்து பயந்து, போனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு செடியை அப்படிப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வளர்க்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்கள் பேசுவது பாதி புரியாது, கை செய்வது முழுக்கப் புரியும். அந்தச் செடியில் ஒரு வகை இருக்கிறதாம். பகல் நீளுகிறதா குறைகிறதா என்றெல்லாம் பார்க்காது, வயது வந்ததும் தானாகப் பூத்துவிடும். ஆயுசு குறைச்சல். அதனால் அதன் தலையைக் கிள்ளி வதைக்கக் கூடாது. இளசாக இருக்கும்போதே தண்டை மெதுவாகப் பக்கவாட்டில் வளைத்துக் கட்ட வேண்டும். தலை சாய்ந்ததும் பக்கக் கிளைகளெல்லாம் எழும்பி ஒரே மட்டமாக வெளிச்சத்தைப் பார்க்கும். கட்டுவது தப்பாகி நாலு நாள் படுத்துவிட்டால், எழுந்து வளர அதற்கு நேரம் இல்லை. குட்டையாகவே பூத்து முடிந்துவிடும்.

குட்டைத் தக்காளியும் ஏறக்குறைய அந்தக் குணம்தான். விதை வாங்கினேன். மூடி போட்ட பக்கெட், மூடியில் ஓட்டை, ஓட்டையில் சல்லடைக் கிண்ணம், அதில் சுட்ட களிமண் உருண்டை. வேர் கீழே சத்துத் தண்ணீரில் தொங்கும். வேருக்கு மூச்சு வேண்டுமே, அதற்கு மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டார். மேலே ஊதா நிறத்தில் எரிகிற செடி லைட். உள் அறையில் வரிசையாக வைத்தேன். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, பேய் வீடு மாதிரி இருக்கிறது என்றாள்.

நான் கம்பியால் வளைத்த முதல் செடி பட்டென்று முறிந்தது. அவள் போய், பூ கட்டுகிற வாழைநாரை நனைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். நாரைத் தண்டுக்குச் சுற்றிச் சின்னதாக ஒரு தளர்ந்த முடிச்சு. மல்லிகைக் காம்பு நசுங்காமல் கட்டிப் பழகிய விரல். செடி தலையைச் சாய்த்துக்கொண்டது, முறியவில்லை. அன்றிலிருந்து கட்டுகிற வேலை அவளுடையது. கட்டி முடித்ததும் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் விரலை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டுவாள். பச்சையாகக் கறை பிடித்த விரல். பக்கத்தில் நிற்கிற எனக்கே அந்த வாசனை அடிக்கும். அவளுக்கு இல்லை.

தண்ணீர்தான் சங்கடம். போர் தண்ணீரில் வேர் கருகியது. ஏசித் தண்ணீரில் உப்பே இல்லை என்று மெக்கானிக் ஒருவர் உப்பு அளக்கிற மீட்டரை வைத்துக் காட்டினார். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், உங்கள் ஏசி வடிகிற தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டவர்களிடம், செடிக்கு என்றேன். ஜன்னலில் ஊதா வெளிச்சம், கதவு சாத்திய அறை, போனில் பார்ப்பதோ அந்த வீடியோ. கட்டடத்தில் பேச்சு கிளம்பியதில் தப்பே இல்லை.

மேல்மாடி ஐயா கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், திருநெல்வேலிக்காரர். அவர்தான் எல்லாருக்கும் சார்பாக வந்து கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்காரவில்லை.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கீழ ஆளுக்கு ஒண்ணு பேசுதாக. உள்ள என்ன செடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் போயிருதேன்."

சொல்லவில்லை, அறையைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பின்னாலேயே எதிர்வீட்டு அக்காவும் நுழைந்துவிட்டது. கோவளத்தில் மீன் வாங்கி ஈசிஆர் ஓரம் விற்கிற அக்கா. அதற்குப் பேச்சில் கத்தரிக்கோல் கிடையாது.

"அட போ அண்ணாத்த. தக்காளிக்கா இவ்ளோ சீனு? என் வூட்டுக்காரு நேத்துலேர்ந்து உன்னாண்ட ரெண்டு இலை எப்டிக் கேக்குறதுன்னு பேஜாராய்க் கீறாரு."

ஐயாவே சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் எதற்காக வளர்க்கிறேன் என்று சொன்னேன். அக்கா என் மனைவியைப் பார்த்தது. இத்தனை நாள் மீன் வேண்டாம் வேண்டாம் என்றது இதற்குத்தானா என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வாசலில் இரண்டு பக்கெட்.

செடிகள் பூத்தன. பச்சைக் காய்கள் கோலிக்குண்டு அளவுக்கு வந்த சமயத்தில், கார்த்திகையில், புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். காற்று மோட்டாரின் குமிழிச் சத்தம் நின்றபோதுதான் அந்த வீட்டில் அது எவ்வளவு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. வேர் மூச்சு முட்டிச் சாகும். பூத்த செடி, இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கிற ஆயுசு அதற்கு இல்லை. அவளும் இன்னொரு தடவை நம்பி நார் நனைப்பாளா என்பது எனக்குத் தெரியவில்லை. நான் மூடியைத் திறந்து கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அவள் சமையலறைக்குப் போய் ஒரு பெரிய சொம்பும் குண்டானும் கொண்டு வந்தாள். பக்கெட்டிலிருந்து மொண்டு, கையை உயரத் தூக்கி, டீ ஆற்றுகிற மாதிரி ஆற்ற ஆரம்பித்தாள். நீளமாக விழுந்த தண்ணீர் நுரைத்தது. மோட்டார் செய்வதும் இதைத்தானே, தண்ணீருக்குள் காற்றைச் சேர்ப்பது. எனக்குத் தோன்றவில்லை. அக்கா வந்து பார்த்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தது. ஐயா இறங்கி வந்தார். அவர் ஆற்றியதில் பாதி தரையில். வெளியே சவுக்கு மரங்கள் பேயாட்டம் ஆட, உள்ளே நாங்கள் முறைபோட்டு, குடிக்க முடியாத டீயை ஆற்றிக்கொண்டிருந்தோம். சர்க்கரை போதுமா என்று ஐயா கேட்டார். மழைத் தண்ணீர் பிடிக்க யார் யாரோ பால்கனியில் அண்டா வைத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. குமிழி வந்தது. செடிகள் நிமிர்ந்துதான் இருந்தன. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

ரோடு சரியானதும் வேலைக்குப் போய்விட்டு வந்தேன். அவள் அறை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாயா இது, நாறுது."

எலியா, சாக்கடையா என்று கேட்டுக்கொண்டே இரண்டடி போய்விட்டேன். பிறகுதான் கால் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவளும் அப்போதுதான் தான் சொன்னதைக் கேட்டவள் மாதிரி முந்தானையை இறக்கினாள்.

"இன்னா சொன்ன?"

"நாறுதுன்னேன்."

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. புயல் நாளெல்லாம் அந்த அறையிலேயே கிடந்து என் மூக்குக்குப் பழகிவிட்டது போல. அவள் உள்ளே போய் ஒவ்வொரு பக்கெட்டாகக் குனிந்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. மூலையில் இருந்ததன் பக்கம் போனதும் முகத்தைச் சுளித்தாள். இத்தனை மாதத்தில் அந்த முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. "இதான்" என்றாள்.

மூடியைத் தூக்கினேன். மற்றதில் எல்லாம் நூலாக வெள்ளை வேர், இதில் பழுப்பாக வழவழவென்று. அழுக ஆரம்பித்திருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் எனக்குச் சாக்கடை அடித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் செடி போயிருக்கும். நான் அழுகலை வெட்டி, வேரைக் கழுவி, மழைத் தண்ணீரில் புதிதாகச் சத்துக் கலந்து வைத்தேன். அவள் அந்தக் கெட்ட தண்ணீரைக் கொட்ட விடவில்லை. பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிவாள், சுளிப்பாள், நிமிர்வாள், மறுபடி குனிவாள். கண்ணில் தண்ணீர். நாற்றத்தாலா என்று கேட்கவில்லை.

அக்கா சேதி கேட்டு ஓடி வந்தது. பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "த்தூ, இத்தப் போய் மோந்துகினு" என்றது. பிறகு, "பத்தலன்னா சொல்லு, நாலு நாள் மீனு ஒன்னு எடுத்தாறேன்" என்றது. அவள் எடுத்துக்கொண்டு வா என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை. அக்கா நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்தது. அதுவும் நாறியது.

நல்ல வாசனைகள் மெதுவாகத்தான் வந்தன, அதுவும் ஒழுங்கில்லாமல். கிராம்பு வந்தது, எலுமிச்சை தள்ளிப்போட்டது. டப்பாக்களை மறுபடி எடுத்து வைத்தாள். தக்காளிக் காம்பு வாசனை ஒருநாள் நாரை அவிழ்க்கும்போது வந்தது. எனக்குக் காட்ட விரலை நீட்டினாள், எனக்கே அது புதிதாக அடித்தது போல நான் நின்றேன்.

பழுத்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். அழுகலிலிருந்து பிழைத்த மூலைச் செடியிலும் ஒரு கைப்பிடி வந்தது. அதை வைத்து நான் ரசம் வைத்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஐயா வீட்டுப் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரசம் நுரைகட்டி வருகிற நேரம், அங்கிருந்தே குரல் வந்தது.

"யோவ், பெருங்காயம் போடல நீ."

போடவில்லைதான். டப்பாவைத் தேடினேன், வழக்கம்போலக் கிடைக்கவில்லை. அவள் ஈரக் கையோடு எழுந்து வந்து, என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு, எடுத்தாள். நான் பரணிலிருந்து கேரியர்களை இறக்கப் போனேன்.