சுவருக்குப் பதில் ஒரு குதிரை

என் மருமகளுக்கு உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். தட்டில் கை இருக்கும்போதே கண் சொருகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் பண்ணைக்கு வந்து அவளோடு கூடவே நடந்து பார்க்கட்டும். பிறகு பேசலாம். எனக்கு எழுத்து தெரியாது, வாயால்தான் சொல்கிறேன். ஆனால் சொல்வது ஒன்றும் கேள்விப்பட்டது அல்ல, எல்லாம் கண்ணால் பார்த்தது.

பண்ணை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்லும் முள்ளுமாக ஒரு சரிவு. சரிவுக்குக் கீழே வீடு. வீட்டை ஒட்டி ஆட்டுக் கொட்டில், அதற்குப் பின்னால் குதிரை லாயம். சமையலறைக் கதவைத் திறந்தால் ஆட்டு முகத்தில்தான் முழிக்க வேண்டும். குதிரை ஒன்றுதான். வயதான பெண்குதிரை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அதன் மேல் ஏறித்தான் ஆடு மேய்க்கப் போவார். நாங்கள் அவளைப் பெரியவள் என்று கூப்பிடுவோம். ஆடுகளில் பேர் உள்ளது ஒன்றுதான். எதற்கெடுத்தாலும் வாசலில் நின்று கத்தி நியாயம் கேட்கும், அதனால் அதற்கு வக்கீலம்மா என்று பேர்.

மருமகள் இங்கே வருவதற்கு முன்னால் டவுனில் ஒரு சலவைக் கடையில் இருந்தாள். அவளுக்கு அம்மா இல்லை. அக்காதான் வளர்த்தது. அக்காவும் அதே கடைதான். இரண்டு பேரும் நாள் முழுக்க நின்றபடியே துணி தேய்ப்பார்கள். பெண் பார்க்கப் போனபோது அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்க வீட்ல உக்காந்து செய்யற வேலை ஏதாவது இருக்கா?" பால் கறப்பது உட்கார்ந்து செய்கிற வேலைதானே, இருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை. மற்ற வேலைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை.

விடியும் முன்னே எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு, கொட்டிலைக் கூட்டி, எல்லா ஆட்டையும் கறந்து முடிப்பாள். கேனைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டோரம் பால் வண்டிக்காரரிடம் கொடுப்பாள். வந்ததும் பெரியவளுக்குச் சேணம் போட்டு, ஆட்டைச் சரிவுக்கு ஓட்டிக்கொண்டு போவாள். மதியம் திரும்பிவந்து தொட்டியைத் தேய்த்து, பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பி, அறுந்த வேலியை முறுக்கி, நீண்டுபோன குளம்பை வெட்டிவிடுவாள். சாயங்காலம் மறுபடியும் சரிவுக்குப் போய் ஆட்டை இறக்க வேண்டும். மறுபடியும் கறக்க வேண்டும். காலையில் எழுந்தால் விரல் விரியாது. டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள், அந்தச் சூட்டில்தான் விரல் பிரியும். நான் கறந்து கொடுக்கலாம்தான். ஆனால் என் விரல் முட்டெல்லாம் எப்போதோ முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது.

என் மகன் கெட்டவன் இல்லை. வேலைக்கு அஞ்சாதவன். புல் அறுப்பது, கட்டுவது, குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவன்தான். ஒரே ஒரு வியாதி. வீட்டில் எதைச் சரிசெய்யச் சொன்னாலும் "அடுத்த வாரம்" என்பான். மருமகள் கோபம் வந்தால் அவனை அந்தப் பேரால்தான் கூப்பிடுவாள். "அடுத்தவாரம் எங்கே போயிருக்கார் அத்தை?" என்று கேட்பாள்.

அவள் வந்த புதிதில் ஒரு பெரிய காற்று அடித்தது. கொட்டிலின் ஒரு பக்கத்துப் பலகைச் சுவர் அப்படியே பெயர்ந்து விழுந்துவிட்டது. கறவை மேடை அந்தப் பக்கம்தான். ஆடு மேடையில் ஏறி நின்று தீனி தின்னும், இவள் முக்காலியில் உட்கார்ந்து கறப்பாள். சுவர் போனதும் குளிர் காற்று முதுகில் அடித்தது, ஆடும் அந்த வழியாக வெளியே குதித்தது. மகனிடம் சொன்னாள். அடுத்த வாரம் என்றான். அன்றைக்குச் சாயங்காலமே லாயத்துக்குப் போய்ப் பெரியவளை இழுத்துவந்து, சுவர் இருந்த இடத்தில் குறுக்காக நிறுத்தினாள். காற்றும் நின்றது, ஆடும் நின்றது. அன்றிலிருந்து கறக்கிற வேளையெல்லாம் பெரியவள்தான் எங்கள் சுவர். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அப்போது பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் கறவை ஆடாகி, அவற்றின் குட்டிகளும் மேடை ஏறின. சுவர் என்றால் வாலும் மூச்சும் உள்ளது என்றுதான் எங்கள் ஆடுகளுக்குத் தெரியும்.

போன மழைக்கு முன்னால் அவள் அக்காவிடமிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் வந்து நின்றாள்.

"என்னவாம் உங்க அக்காவுக்கு?" என்றேன்.

"ஆபரேஷனாம் அத்தை. வயித்துல கட்டி."

"எப்போ?"

"அடுத்த வாரம்." சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். "இந்த அடுத்த வாரம் நிஜமாவே வரும்."

"உன்ன வரச் சொன்னாளா?"

"அவ எங்க கேப்பா. நீ வந்தா நல்லாருக்கும், ஆனா ஆட்ட விட்டுட்டு எப்படி வருவேன்னு அவளே சொல்லிட்டு வச்சிட்டா."

கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கினதில்லை. அக்காதான் இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குக் குடும்பம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார இவளைத் தவிர ஆள் இல்லை.

மகன் கையைக் கழுவிக்கொண்டு, "போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நீங்க கறந்தா ஆடு நிக்காதுங்க."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. பெரியவ உங்களுக்கு நிக்கணுமே. அவ நகந்தா அத்தனையும் குதிச்சு ஓடிடும். கறக்காம விட்டா மடி கட்டிக்கும்."

அவன் போய்ப் பலகை வாங்கிவந்தான். இத்தனை வருஷம் கட்டாத சுவர் ஒரு நாளில் எழும்பியது. ஆணி அடித்து, இடுக்கு அடைத்து, மேலே வெள்ளைகூட அடித்துவிட்டான். குதிரையே வேண்டாம், இனி யார் வேண்டுமானாலும் கறக்கலாம் என்று நானும்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு ஆடுகூட உள்ளே வரவில்லை. வக்கீலம்மா வாசலில் நின்று சுவரைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, கத்த ஆரம்பித்தது. பின்னால் இருந்ததெல்லாம் கூடச் சேர்ந்துகொண்டது. மகன் ஒன்றைத் தூக்கிக்கொண்டுவந்து மேடையில் வைத்தான். அது வெள்ளைப் பலகையைப் பார்த்து மிரண்டு, அவன் மடியிலேயே குதித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஓடியது. ஆடு தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று ஒளிந்திருந்த மருமகள் வெளியே வர வேண்டியதாயிற்று. அவள் கூப்பிட்டும் ஒன்றும் மேடை ஏறவில்லை. முற்றத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து, மண்டிபோட்டுக் கறந்து முடிப்பதற்குள் பால் வண்டிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன பாட்டி, ஆடெல்லாம் வேலை நிறுத்தமா?"

"சுவர் கட்டினான்ப்பா என் பிள்ளை."

அவர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆட்டையும் கேட்டுட்டுக் கட்டியிருக்கலாம்."

மருமகள் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தாள். முழங்காலெல்லாம் சேறு. "நான் போகல அத்தை. அக்காகிட்ட சொல்லிடறேன்" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. துணியை மடித்துவைக்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நீ போறே" என்றேன்.

"எப்படி?"

"எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ போறே." மகனைப் பார்த்தேன். "டேய், அதப் பிடுங்கு."

"இப்பதானம்மா அடிச்சேன். பெயின்ட்கூடக் காயல."

"காயறதுக்குள்ள பிடுங்கு. ஒட்டாம வரும்."

பிடுங்கினான். சாயங்காலம் பெரியவளைக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தினோம். ஆடுகள் ஒன்றும் நடக்காத மாதிரி வரிசையாக வந்தன. முதல் ஆடு ஏறியது. மகன் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, மேலதிகாரி வருகிறார் என்பது போல, அவசர அவசரமாகக் கறந்தான். பாத்திரத்தின் அடி நனையும் முன்னே பெரியவள் திரும்பி லாயத்தைப் பார்க்க நடந்தாள். ஆடும் பின்னாலேயே குதித்தது. கட்டிப்போட்டுப் பார்த்தான், மேடைப் பலகையை உதைத்தாள். முன்னால் தவிடு வைத்தான், தின்று முடித்துவிட்டுப் போனாள். மறுநாள் பெண்டாட்டியின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் அவள் துணியையும் கட்டிக்கொண்டு வந்தான். தோளில் தையல் விட்டது. பெரியவள் மோந்துபார்த்துத் தும்மினாள். வக்கீலம்மா ஒரு பொத்தானைத் தின்றுவிட்டது. கதவிடுக்கில் நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு வேளையும் கடைசியில் அவளே போய்க் கறந்தாள். பஸ்ஸுக்கு நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

புறப்பட வேண்டியதற்கு முந்தைய சாயங்காலம். அன்றைக்கு மகனே சரிவுக்கு ஏறி ஆட்டை இறக்கியிருந்தான். தண்ணீரும் அவன்தான் இழுத்தான். அவள் செய்கிற எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்ததில் நடையே மாறிப்போயிருந்தது. கோட்டு வேஷமெல்லாம் இல்லை. முக்காலியில் பொத்தென்று விழுந்தான். பெரியவள் வந்து நின்றாள். அவன் ஆட்டின் மடியில் கையை வைத்தான். இரண்டு பீச்சு பீச்சினான். இடுப்பு தாங்கவில்லை போல. அப்படியே பின்னால் சரிந்து, பெரியவளின் முன்னங்காலிலும் தோளிலும் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துவிட்டான்.

பெரியவள் நகரவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தலை தொங்கியது. பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, குளம்பு நுனியில் ஊன்றிக்கொண்டாள். ஆடு அசைபோட்டது. பாத்திரத்தில் பால் விழுகிற சத்தம் விட்டுப்போகாமல் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டே கறந்தான். முதல் ஆடு இறங்கியது, அடுத்தது தானாக ஏறியது.

நானும் மருமகளும் சமையலறைக் கதவிடுக்கில் நின்றிருந்தோம்.

"நீயும் இப்படித்தான் சாஞ்சு உக்காருவியா?" என்று கேட்டேன்.

"தெரியல அத்தை. சாயறேன்னே எனக்குத் தெரியாது. உக்காந்ததும் கண்ண மூடிடுவேன். அதுக்கப்புறம் கைதான் வேலை செய்யும்."

"அப்போ அவகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டியா? தட்டிக் கொடுக்கறது, அதட்டறது?"

"எதுக்கு? அவளும் அலுத்துப்போய்த்தானே வர்றா."

மறுநாள் காலையிலும் அவனே கறந்தான். பெரியவள் நின்றாள். பால் வண்டிக்காரர் பஸ் நிற்கிற இடம்வரை மருமகளைக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஏறும்முன் அவள் சொல்லாத எச்சரிக்கை இல்லை. காதில் வெட்டுப்பட்ட ஆட்டுக்கு இடது காம்பில் கடைசிப் பால் தங்கும், குட்டி வைத்திருப்பதைக் கடைசியில் கறக்க வேண்டும், அத்தை மாத்திரையை மறந்துவிடக் கூடாது. சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினாள். ஜன்னல் வழியாக இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நாங்கள் நின்றோம். வண்டி கேட்டைத் தாண்டவில்லை, அவள் தலை கண்ணாடியில் சாய்ந்துவிட்டது.

போனவள் சேர்ந்துவிட்டாள் என்று தகவல் வந்தது. ஆபரேஷனும் முடிந்தது. அதற்கு மறுநாள் காலையில் வக்கீலம்மாவின் மடி ஒரு பக்கம் கல்லாக இறுகிப்போயிருந்தது. தொட்டால் உதைத்தது. மகன் மருந்து அலமாரியைத் திறந்தான், எந்த டப்பா எதற்கு என்று தெரியவில்லை, பெண்டாட்டிக்குப் போன் போட்டான். எடுத்தது அக்கா. குரல் மெல்லமாக வந்தது, எனக்கும் கேட்டது.

"தம்பியா? நான் நல்லா இருக்கேன். கட்டிய எடுத்தாச்சு. உங்க வீட்டம்மாதான் தூங்கறா. வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தா, என் கையப் பிடிச்சா, அப்படியே தலைய வச்சுட்டா. நடுவுல எழுந்து டாக்டர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா, மறுபடியும் தூக்கம். பக்கத்துக் கட்டில் அம்மா கேக்கறாங்க, உங்க ரெண்டு பேர்ல யாருக்கு ஆபரேஷன்னு." சிரிக்கப் போய் வலித்தது போல, நிறுத்திக்கொண்டாள். "என்ன விஷயம் தம்பி? எழுப்பட்டுமா?"

மகன் ஆட்டைப் பார்த்தான். அது கத்தக்கூட இல்லை. என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவன் சொல்ல வேண்டியதை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

"வேண்டாங்க்கா" என்றான். "சும்மாதான் கூப்பிட்டேன். எழுந்தா இங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, "என்னம்மா பண்றது?" என்றான்.

"வெந்நீர் வை. துணிய நனைச்சு ஒத்தடம் கொடு. கொஞ்சம் கொஞ்சமா பீச்சி எடு. அப்படியும் இளகலன்னா மாட்டு டாக்டரக் கூப்பிடு."

பெரியவளைக் கொண்டுவந்து நிறுத்தினான். வக்கீலம்மாவை மேடையில் ஏற்றி, துணியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு, கட்டியாக, பிறகு இரண்டு. அவன் கண் சொருகியது. கை மட்டும் விடாமல் மடியை நீவிக்கொண்டிருந்தது. துணி ஆறிப்போயிருந்தது. வேறு துணி நனைத்துக் கொடுக்க நான்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன்.