ருக்மணி அக்கா மிதித்த பிரேக்

சென்ற ஞாயிறு காலை உஜோங் பாசிரில் என் வீட்டு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "காஜா பேராங் பட்டறை அக்கா போயிட்டாங்கண்ணே, தூக்கத்துலயே," என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு அதே வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் அவர் பிரேக் போடும்போது என் பாதமும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

ருக்மணி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். உரத்த குரலும் எண்ணெய்க் கறை போகாத கைகளும் உங்களுக்கும் நினைவிருக்கும். காஜா பேராங்கில் அவர் நடத்திய பட்டறைக்கு வந்த ஒவ்வொரு வண்டியிலும் அவரே ஏறிப் பிரேக் மிதித்தது ஏன் என்பது மட்டும் சிலருக்கே தெரியும். அவருடைய மகள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டுமே இருக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் காலடியில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். கீழிருந்து "அமுக்கு" என்றதும் ஒருவர் மேலே உட்கார்ந்து மிதியை அமுக்கிப் பிடித்திருக்க, மற்றவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்தருகே உள்ள திருகைத் தளர்த்துவார். எண்ணெயோடு குமிழிகள் வெளியேறியதும் திருகை இறுக்கிவிட்டு, "விடு" என்று குரல் கொடுப்பார். அதற்கு முன் மேலே இருப்பவர் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும்.

கீழே கணவர் வேலாயுதமும் மேலே அக்காவுமாக அந்த வேலையைச் செய்துவந்தார்கள். ஒரு நாள் அவர்கள் காற்று எடுத்த லாரியை வேலாயுதம் அதன் சொந்தக்காரரிடம் விட ஓட்டிக்கொண்டு போனார். ஆயர் குரோ சாலை இறக்கத்தில் அது நிற்காமல் போய் மரத்தில் மோதியது. அவர் அங்கேயே இறந்தார். குழாய்கள் நசுங்கிப்போயிருந்ததால், என்ன கோளாறு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான்.

சேர்ந்த புதிதில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். "அமுக்குங்க" என்று நான் வாய் திறக்கும் முன்பே மேலே மிதி அமுங்கியது.

"அக்கா, நான் இன்னும் சொல்லலையே."

"சொன்ன மாதிரி இருந்துச்சு, தம்பி," என்றார்.

யார் குரல் என்று நான் கேட்கவில்லை. அதன்பின் வண்டிக்கடியில் போகும்போதெல்லாம், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டே படுக்கப் பழகிவிட்டேன்.

சுதந்திர நாள் காலை, கொடியேற்றம் பார்க்கத் திடலுக்குப் போக அக்கம்பக்கத்தார் ஒரு லாரியைப் பேசி வைத்திருந்தார்கள். அதன் பிரேக் குழாயை நாங்கள்தான் மாற்றியிருந்தோம். காற்று எடுக்கும் வேலை மட்டும் மிச்சம். பிள்ளைகள் கொடிகளோடு வாசலில் காத்திருந்தார்கள். எண்ணெய் தெளிவாக வந்தது. திருகை இறுக்கிவிட்டு, "விடுங்க அக்கா," என்றேன்.

அவர் விடவில்லை. வெளியே வந்து பார்த்தேன். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பற்றியிருந்தார். கால் மிதியை அமுக்கியபடியே இருந்தது.

"நீ சொல்லிட்ட. அவரு இன்னும் சொல்லல."

லாரி ஓட்டுநர் ராமையா, "நேரமாச்சுலா! இறங்கச் சொல்லு!" என்று கத்தினார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் ராமையா உட்பட எல்லாரும் நடந்தே கிளம்பினார்கள். தெரு வெறிச்சோடியது. அப்போதுதான் அவர் பேசினார்.

"அன்னிக்கு வீட்டுக்குள்ள பிள்ள அழுதுச்சு. எந்திரிச்சு ஓடினேன். அவரு 'விடு'ன்னு சொன்ன பெறகு கால எடுத்தேனா, முன்னாடியே எடுத்துட்டேனான்னு தெரியலடா. எத்தன தடவ மிதிச்சுப் பார்த்தாலும் ஞாபகம் வரல."

"காத்து இருந்தா ஓட்டும்போதே அவரு காலுக்குத் தெரிஞ்சிருக்கும் அக்கா."

"என்னை நம்பினாரு. சோதிச்சுப் பார்த்திருக்க மாட்டாரு."

அவர் காலருகே கை வைத்து மிதியை இன்னும் அழுத்திப் பார்த்தேன், கல்லாக நின்றது. "இந்த வண்டியை அதே இறக்கத்துக்கு ஓட்டிட்டுப் போறேன். நீங்க மிதிச்ச பிரேக்கை நம்பித்தான் போறேன்," என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. மெல்லக் காலை எடுத்தார். இறங்கி வீட்டுக்குள் போய்விடுவார் என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

இறக்கத்தின் உச்சியில் அக்கா கண்களை மூடிக்கொண்டார். பாதி வழியில் மிதித்தேன். லாரி சற்றே முன்னால் குலுங்கி நின்றது. காற்றில் திடலின் ஆரவாரம் கேட்பதுபோல் இருந்தது. அவர் கண்ணைத் திறந்து சரிவின் அடியில் நின்ற மரத்தை வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. "வீட்டுல பிள்ள தனியா இருக்கு. போலாம்," என்றார்.

அன்றோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மறுநாளும் நான் சொல்லாத ஒரு சொல்லுக்கு மிதி அமுங்கியது. பல ஆண்டுகள் கழித்து, "இன்னும் கேக்குதா அக்கா?" என்றேன். "கேக்குது. திட்டற மாதிரி இல்ல இப்ப," என்றார். அதைப் பற்றி அவரிடம் மேலும் பேசும் துணிவு எனக்கு இருந்ததில்லை. ஆனால் சில நாள் அந்தக் குரலை நானும் கேட்டிருக்கிறேன் என்றே நினைக்கிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சுதந்திர நாள் காலைப்பொழுதுதான். தன் கால்தான் ஒரு மனிதரைக் கொன்றது என்று நம்பிய பெண், என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல், அந்தக் கால் மிதித்த பிரேக்கை நம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.