காரை விட்டு இறங்கிய மாதுளை

திருப்பூரில் வெறும் தையல் நூலைக் கொண்டு ஒரு காரின் நெற்றியிலிருந்து மாதுளம்பழத்தை அறுத்தெடுத்த முதல் ஆள் நான்தான். ஒரே இழுப்பு. பழம் துள்ளி விழுந்து ரயில்வே கேட் வரை உருண்டோடியது. சரி, கேட் வரை ஓடவில்லை, எங்கள் வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஒரே இழுப்பும் இல்லை, விரல் தோல் உரிந்துபோனது. போதாக்குறைக்கு நூலின் ஒரு முனை மட்டும்தான் என் கையில் இருந்தது. மறுமுனையைப் பிடித்திருந்தவள் என் பெரிய தம்பி குமாரசாமியின் மனைவி மாரக்காள். இது அவளுடைய கதை. இதை நான் வாசித்துக்காட்டும்போது எதிரே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மற்றதையெல்லாம் அடக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாரக்காள் பெருமாநல்லூர்க்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். குமாரசாமி அப்போது ஒரு பழைய பின்னல் மிஷினை வைத்துக்கொண்டு பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தான். தைத்து வந்ததை மடித்துப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. பெட்டி மொட்டையாக இருக்கிறதே என்று ஒருநாள் அடுப்புக்கரியை எடுத்து மூடியின்மேல் பிளந்த மாதுளை ஒன்றை வரைந்தாள். அந்தப் படமே கம்பெனியின் மார்க் ஆயிற்று. மாதுளை மார்க் பனியன் சேலம், மதுரை என்று போகத் தொடங்கியதும் குமாரசாமி கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் வாங்கினான். மாதுளையைப் பித்தளையில் வார்த்து முலாம் பூசி பானெட்டின் நடுவில் வைத்தான். புதுத் தகட்டில் ஓட்டை போட அவனுக்கு மனசு வரவில்லை. கெட்டியான ஒட்டுமருந்தால் ஒட்டச் சொன்னான். செத்த பிறகும் அவன் எங்களுக்குச் செய்த உதவி அது.

நெஞ்சுவலி வந்து படுத்தபோது அவளுக்குக் காரோட்டக் கற்றுக்கொடுத்தான். ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. அவள் யாரையும் பார்க்காமல் கோயமுத்தூர் போய், பின்சீட்டில் நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவாள். அறுபத்தேழாம் வருஷம் குமாரசாமி போய்ச் சேர்ந்தான்.

கருமாதிப் பந்தலைப் பிரிப்பதற்குள் என் சின்னத் தம்பி திருமூர்த்தி கம்பெனியைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டான். நூல் வியாபாரி ஆறுமுகசாமி, ஊருக்குப் பெரியவர், நடுவில் உட்கார்ந்தார்.

"மாதுளை எங்கண்ணன் கண்டுபிடிச்ச மார்க்குங்க. அது கம்பெனிக்குத்தான் சேரோணும்," என்றான் திருமூர்த்தி.

மாரக்காள் நிமிர்ந்தாள். "உங்கண்ணனுக்கு ஒரு கத்திரிக்காய்கூட வரைய வராதுங்க, தம்பி."

"பொம்பளை கரியில கிறுக்குனதெல்லாம் மார்க் ஆயிருமுங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு எவனையாவது அறையத் தோன்றுகிறது. கரியில் கிறுக்கியதை விற்றுத்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது. நான் வாயைத் திறந்தேன். "அக்கா, நீ சும்மா இரு. காலேஜு படிச்சவளுக்குப் பனியனப் பத்தி என்ன தெரியும்," என்றான் திருமூர்த்தி. அதற்கும் சிரித்தார்கள்.

ஆறுமுகசாமி தீர்ப்புச் சொன்னார். கம்பெனியும் மார்க்கும் திருமூர்த்திக்கு. ஓரத்தில் கிடந்த இரண்டு தையல் மிஷினும் காரும் மாரக்காளுக்கு. திருமூர்த்தி அதோடு விடவில்லை. "மாதுளை வெச்ச காருன்னா மில்லுல எங்க கம்பெனிப் பேருல கணக்கெழுதித்தான் நூல் போடுவாங்க. காருல மார்க் இருக்கப்படாது. அது இருந்த தடங்கூட இருக்கப்படாது. தடம் தெரிஞ்சா காரு எனக்கு." பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். அவிநாசித் தேரன்று காலையில் காரை அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

கார் போனால் நூல் இல்லை. நூல் இல்லாவிட்டால் அந்த இரண்டு மிஷினும் வெறும் இரும்பு. திருமூர்த்திக்கு அது நன்றாகவே தெரியும்.

தேருக்கு முந்தின நாள், நாங்கள் கூப்பிடாமலே, காரேஜிலிருந்து ஒருவன் வந்தான். திருப்புளியை மாதுளைக்கு அடியில் கொடுத்து நெம்பப் பார்த்தான். மாரக்காள் அவன் கையைப் பிடித்துவிட்டாள். "தகடு நசுங்குனா அதுவும் தடம்தான். உன்னைய அவுங்க அனுப்புனாங்களா?" அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிப் பக்கமாகப் போனான். அதுவே பதிலாகப் பட்டது எங்களுக்கு.

பிறகு நாங்களே இறங்கினோம். கழித்துப்போட்ட பனியன் துணியைக் கொதிநீரில் முக்கி, மாதுளைமேல் போர்த்தி, ஆற ஆற மாற்றினோம். சூட்டில் ஒட்டுமருந்து இளகியது. ஒற்றை நூல் பட்டென்று அறுந்தது. பல இழைகளைச் சேர்த்து முறுக்கி மெழுகு தேய்த்து, பழத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டோம். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ரம்பம்போல இழுத்தோம்.

"மெல்ல, அம்மிணி. பெயிண்ட்டு உரிஞ்சிரும்."

"மெல்லத்தானுங்க நங்கை இழுக்கறேன். வேகமா இழுத்தா உங்க சின்னத் தம்பி கழுத்து சீக்கிரம் அறுந்துருமே." நங்கை என்றால் நான். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

பழம் கழன்றது. மிச்சமிருந்த பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தோம். ஒரு கீறல் இல்லை. கையைத் தட்டப் போன நான் அப்படியே நின்றேன்.

மாதுளை அங்கேயே இருந்தது. வருஷக்கணக்காக வெயிலில் நின்று கார் முழுக்க வெளுத்து, பாசி நிறத்துக்கு வந்திருந்தது. பழம் மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய நாளின் கரும்பச்சையில், பிளவும் காம்புமாக, அவள் கரியால் வரைந்த அதே உருவத்தில் எங்களைப் பார்த்தது.

துணி வெளுக்கும் பழனாயி பக்கத்தில் நின்றாள். கம்பெனியை விட்டு எங்களோடு வந்துவிட்ட ஒரே ஆள் அவள். "இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போடுவாங்களா? ஒருக்கா வெளுத்துட்டாப் போவுது," என்று உள்ளே ஓடினாள். பழுப்புத் துணியைப் பார்த்தால் பிளீச்சிங் பவுடரைத் தேடுகிற ஊர் இது. பானெட்டைப் பார்த்தும் அதுதான் தோன்றியது. நாங்கள் தடுப்பதற்குள் கரைசலை மாதுளை ஓரத்தில் அப்பிவிட்டாள். கரும்பச்சை வெளுக்கவில்லை. ஓரம் முழுக்கத் தேமல் பிடித்தாற்போல் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்தது.

இப்போது இரண்டு தடம்.

மாரக்காள் கத்தினாள். பழனாயியைப் பார்த்து இல்லை, காரைப் பார்த்து. "பொறந்த ஊட்டுல சொன்னாங்க, வரைஞ்சது போதும், சோத்தப் பாருன்னு. நான் கேக்கல. வரைஞ்சேன். வரைஞ்சது எவனுக்கோ போச்சு. போறது முழுசாப் போயித் தொலையக் கூடாதா? அடையாளம் வெச்சு என்ற காரையும் கூட்டிட்டுப் போகோணுமா?" டிக்கியில் கிடந்த பாலிஷ் டப்பாவைத் திறந்து, பனியன் வேஸ்ட்டுத் துணியில் அள்ளி, அந்தத் தேமலின்மேல் வைத்துத் தேய்த்தாள். துடைக்கிற தேய்ப்பு இல்லை அது. யாருடைய கன்னத்தையோ தேய்ப்பது போலிருந்தது. அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். கை மாதுளையைத் தாண்டி வெளியே போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மிணி, நிறுத்து. கைக்கு அடியில பாரு."

தேமல் போயிருந்தது. தேய்த்த இடமெல்லாம் வெளுத்த மேல்தோல் துணியோடு வந்துவிட, அடியிலிருந்து கரும்பச்சை எழுந்திருந்தது. அந்தப் பக்கம் மாதுளையின் விளிம்பையே காணோம்.

"பழம் கறுக்கலீங்க," என்றாள் அவள், மூச்சு வாங்க. "காருதான் வெளுத்துக் கெடக்குது."

அதற்குப் பிறகு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டை அவிழ்த்துப் போட்டோம். பானெட், கூரை, கதவு என்று மூன்று பேரும் தேய்த்தோம். பழனாயி தன் தப்புக்காக இரண்டு பங்கு தேய்த்தாள். பொழுது சாய்வதற்குள் கார் முழுக்க மாதுளையின் நிறத்துக்கு வந்துவிட்டது. மாதுளை அதில் எங்கோ மூழ்கிப்போனது.

தேரன்று காலையில் மாரக்காளே ஓட்டிப்போய் ஆறுமுகசாமி வீட்டு வாசலில் நிறுத்தினாள். கழற்றிய மாதுளையை ஒரு வெள்ளைப் பனியனில் சுற்றித் திருமூர்த்தியின் கையில் கொடுத்தாள். "உங்க சொத்துங்க, தம்பி." அவன் வாங்கி மடியில் செருகிக்கொண்டு பானெட்மேல் குனிந்தான். வெளிச்சத்துக்கு ஒருமுறை, நிழலுக்கு ஒருமுறை பார்த்தான். உள்ளங்கையால் தடவினான். பெரியவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தடமில்லீங்கப்பா. காரு அந்தப் புள்ளைக்குத்தான்," என்றார். அவள் அன்றைக்கே சோமனூர்ச் சாலையில் காரை விட்டுக் கோயமுத்தூர் போய், தன் பெயரில் நூல் போட்டுக்கொண்டு வந்தாள். அதன் பிறகு அவள் தைத்த எந்தப் பனியனுக்கும் மார்க் வைக்கவில்லை. மொட்டைப் பெட்டியில்தான் போயின. விற்கவும் விற்றன.

திருமூர்த்தியோ வெட்கத்தில் தலை குனிந்து, ஒரு வார்த்தை பேச முடியாமல், தேர்க் கூட்டத்தில் கரைந்து மறைந்தான் என்று எழுதி இந்த இடத்தில் முடித்திருந்தேன்.

மாரக்காள் மொச்சையைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்கீங்க நங்கை தலை குனிஞ்சான்? வெட்கம் அவனுக்கு எப்ப வந்துச்சு? பானெட்டத் தடவிப் பார்த்துட்டு, பல்லக் காட்டிட்டு, 'காரு நல்லா மின்னுதுங்களே, எந்தக் காரேஜுல பாலிஷ் போட்டீங்க, என்ற காரையும் விடோணும்'னு கேட்டான். அதை எழுதுங்க. எனக்கு இன்னைக்கும் வயிறெரியறது அதுக்குத்தான்."