வெள்ளிமலைப் பாதைக்கு ஒரு வண்டி

நான் ஓட்டிப் பார்த்தவற்றையும் கண்ணால் கண்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். கடல் கடந்து வாழும் நம்மில் பலர், ஊரிலிருக்கும் உடன்பிறந்தாருக்கு வண்டி வாங்கித் தர நினைக்கும்போது, காணொளிகளைப் பார்த்தே முடிவெடுக்கிறோம். அவற்றில் வரும் முரட்டு வண்டிகள் பாறைமேல் ஏறுகின்றன, ஓடையில் இறங்குகின்றன. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் ஓர் ஆட்டுக்குட்டிக்காக அவை நின்று நான் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான் முடிவெடுக்க இருந்தேன். என் தங்கை அமுதா நாள்தோறும் ஏறி இறங்க வேண்டிய மலைப்பாதையைப் பற்றியது இது என்பதால், பிறர் சொல்லக் கேட்ட எதையும் உண்மையைப்போல் எழுதிவிட எனக்கு அச்சமாக இருக்கிறது.

நான் வாழ்வது ஸ்காட்லாந்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவில். மருந்தகம் ஒன்றிலிருந்து தொலைவான வீடுகளுக்கு மருந்து கொண்டு செல்வது என் வேலை. அங்கே பல சாலைகள் ஒற்றை வண்டியின் அகலமே கொண்டவை. எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி நிற்க ஆங்காங்கே 'பாஸிங் பிளேஸ்' என்ற சிறு விரிவு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிரே வந்த ஒரு வண்டி அப்படி ஒதுங்கி நின்று, முகப்பு விளக்கை இருமுறை மின்னவிட்டது. நம் ஊர்ப் பேருந்துகளின் முன்னிருக்கையில் வளர்ந்த எனக்கு அதன் பொருள் ஒன்றே: 'நான் வருகிறேன், நீ நில்.' நின்றேன். அவர் வரவில்லை, மறுபடியும் மின்னவிட்டார். நான் பதறிப்போய்ப் பின்னோக்கி நகர்ந்தேன். கடைசியில் ஒரு முதியவர் இறங்கி நடந்து வந்து, கண்ணாடியைத் தட்டி, எனக்கு உடல்நலம் சரியில்லையா என்று கேட்டார். வண்டியில் பழுது ஏதும் இல்லை என்று நான் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டோம். அங்கே விளக்கை மின்னவிட்டால் 'நீ வா, நான் காத்திருக்கிறேன்' என்று பொருள் என்பதை உடன் வேலை செய்பவர் ஒருவர் பிறகு விளக்கினார். கடந்து செல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினால் அதுவே நன்றி. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வழக்கம் என் கைக்கும் காலுக்கும் பழகிவிட்டது. ஹார்ன் ஒலிப்பதை அங்கே வசையாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பித்தானையே என் கை மறந்துவிட்டது.

அமுதா மலைமேலிருக்கும் வெள்ளிமலை மருத்துவமனையில் செவிலியர். குடியிருப்பது அடிவாரத்துக்கு இப்பால், வடக்கனந்தலில். காலையில் பேருந்து கிடைத்துவிடும்; மாலையில் அதைத் தவறவிட்டால் ஆட்களை அடைத்துக்கொண்டு இறங்கும் ஜீப்தான். ஒருநாள் உள்ளே இடமில்லாமல் பின்படியில் நின்று, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தபடி மலையிறங்கியதைத் தொலைபேசியில் வேடிக்கையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் அவள் அழைப்பு வரத் தாமதமாகும்போதெல்லாம் அந்தப் படியும் கம்பியும் ஒரு கையுமே கண்முன் வந்தன. அதனால்தான் சென்ற விடுமுறையில், அவளுக்கென்று ஒரு வண்டியைப் பார்த்து முடிவு செய்துவிட்டுத் திரும்புவது என்று ஊருக்குப் போனேன்.

சித்தப்பா முறையாகும் ராமலிங்கத்திடம், காணொளிகளில் வருவதைப்போன்ற முரட்டு வண்டி ஒன்று விற்பனைக்கு இருந்தது. நான்கு சக்கரங்களையும் இழுக்கும் பொறி, உயர்ந்த அடிப்பாகம், பக்கத்துக்கு ஒரே கதவு, பெட்டியைப்போன்ற உடல். விற்பதற்கான காரணத்தை அவரே சொன்னார். "உங்க சித்தி இதுல ஏற ஸ்டூலு தூக்கிக்கினு வர்றாம்மா. கல்யாணத்துக்குப் போனா மொய்ய மறந்தாலும் பரவால்ல, ஸ்டூல மறந்தா அவ வூடு வந்து சேர முடியாது." ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்று சாவியைக் கொடுத்தார். ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்பதற்கும் ஒரு கணக்குச் சொன்னார். என்னால் அதைச் சரிபார்க்க இயலவில்லை, ஆகவே எழுதவில்லை.

சரிபார்த்தவை இவை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து, முன்னே போகும் கரும்பு டிராக்டருக்கு அப்பாலும் சாலை தெரிகிறது. ஆனால் பானெட் எனும் முன்மூடிக்குக் கீழே, வண்டியின் மூக்கு நுனிக்கு அருகில் எதுவுமே தெரிவதில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு சிறுமி கீழே விழுந்த பலூனை எடுக்கக் குனிந்தாள். என் பார்வையிலிருந்து முழுவதுமாக மறைந்துபோனாள். அவள் நிமிர்ந்து எழும்வரை என் கால் பிரேக்கிலிருந்து நகரவில்லை. பின்னிருக்கையை மடித்தால்தான் ஓர் அரிசி மூட்டை உள்ளே போகிறது. குறுகிய தெருவில் ஒரே வீச்சில் திருப்ப முடியாது. கெட்ட சாலையில் அமைதியாகச் செல்லும் வண்டி, நல்ல சாலையில் குலுக்குகிறது. புறவழிச்சாலையில் லாரி ஒன்று முந்தியபோது பக்கவாட்டில் ஆடியது. இவற்றைவிட என்னை அச்சுறுத்தியது வேறொன்று. இத்தகைய வண்டியை வாங்குவோர், நான்கு சக்கரங்களும் இழுப்பதால் அது நன்றாக நிற்கவும் செய்யும் என்று நம்புகிறார்கள். ஈரத் தார்ச்சாலையில் மெதுவாகப் போய் நிறுத்திப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தபின், எடை மிகுந்த எந்த வண்டியையும்போல இதுவும் தன் எடையை இழுத்துக்கொண்டே நின்றது. ஏறுவதற்குக் கிடைத்த கூடுதல் ஆற்றல் எதுவும் நிற்பதற்குக் கிடைக்கவில்லை.

ஒரு காலையில், வேலைக்குச் செல்லும் அமுதாவை அருகில் அமர்த்திக்கொண்டு மலைக்கு ஓட்டினேன். கோமுகி அணையைக் கடந்து ஏற்றம் தொடங்கியது. முந்தைய இரவு பெய்த மழையின் ஈரம் இன்னும் காயவில்லை. மரங்களுக்கிடையே மூடுபனி நின்றது. இங்கும் இடப்பக்கமே செல்ல வேண்டும், அங்கும் இடப்பக்கம்தான். ஸ்டியரிங்கும் அதே வலப்புறம். இரண்டு நாடுகளிலும் மலையென்றால் மலையே என்று எண்ணி, நெடுநேரம் கழித்து முதன்முறையாகத் தோள்களைத் தளர்த்தினேன்.

ஒரு வளைவுக்கு அப்பால், இடப்புறம் பள்ளத்தை ஒட்டியிருந்த சுவர் சரிந்து, சாலை பாதியாகக் குறுகியிருந்தது. மேலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று விளக்கை இருமுறை மின்னவிட்டது. எனக்குள் ஐயமே எழவில்லை. நன்றியாக ஒரு விரலை உயர்த்திக்கொண்டு குறுகலுக்குள் நுழைந்தேன். ஜீப் நிற்கவில்லை. அதன் முன்கம்பியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் வரவரப் பெரிதாகியது. இருவரும் பிரேக்கை மிதித்தோம். இடப்புற முன்சக்கரம் தாரைவிட்டு இறங்கிச் சேற்றில் அழுந்தியது. அந்தப் பக்கச் சன்னலில் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"கால எடுக்காதக்கா," என்றாள் அமுதா, மிக மெதுவாக.

ஜீப் ஓட்டுநர் இறங்கி வந்தார். அமுதா பணிபுரியும் மருத்துவமனைக்கு அடிக்கடி நோயாளிகளைக் கொண்டுவரும் சின்னதுரை அவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அவர் கத்தவில்லை. "இன்னா நர்சம்மா, இவங்களுக்கு லைட்டு போட்டது தெரியலையா?"

"நீங்க லைட்டு போட்டதாலதான் வந்தேன்," என்றேன்.

"வர்றேன்னு லைட்டு போட்டா நிப்பாங்களா, எதுத்தாப்புல பூந்து வருவாங்களா? வளைவுல ஹார்னும் அடிக்கல. ஹார்னு இல்லன்னா ஆளே இல்லன்னுதானங்க நெனைப்பேன்."

எங்கள் ஊரில், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். எந்த ஊரைச் சொல்ல வந்தேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஜீப்புக்குள் சாமை மூட்டைமேல் அமர்ந்திருந்த ஒரு பெண், "வெத்தல பாக்கு வெச்சிக் கூப்ட்டாங்கன்னு நெனச்சிட்டாங்க போல," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

அமுதா என்னை இறங்கச் சொன்னாள். நான் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மலைப்பக்கமாக இறங்கினேன். அவள் உள்ளேயே நகர்ந்து ஓட்டுநர் இருக்கைக்கு வந்தாள். நான்கு சக்கர இயக்கத்துக்கான சிறு நெம்புகோலைத் தள்ளினாள். சின்னதுரை வண்டிக்குப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், ஸ்டேரிங்க லேசா ஒடி, போதும்," என்று கையசைத்தார். சேற்றிலிருந்த சக்கரம் ஒருமுறை சுழன்று, மறுகணம் பிடிமானம் கொண்டு பின்னோக்கி ஏறியது. இதையும் எழுதத்தான் வேண்டும்: சாதாரண வண்டியாக இருந்திருந்தால் அங்கிருந்து தானாக மீண்டிருக்குமா என்பது ஐயமே. வண்டி தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது.

ஆனால் ஒரே நிகழ்விலிருந்து நாங்கள் இருவரும் வெவ்வேறு பாடத்தைக் கற்றோம். மீதித் தொலைவை அமுதாவே ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் ஹார்னை ஒலித்தாள். அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு துணிவு வந்திருந்தது.

"எப்புடி இழுத்துச்சி பாத்தியா? இதயே வாங்கிடலாம்க்கா."

அஞ்சுகிறேன் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், இங்கே விளக்கடிப்பதற்கு என்னதான் முறை என்று கேட்டேன். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம் என்றாள். நடைமுறையில் யார் முதலில் விளக்கடிக்கிறாரோ அவர் வருவார் என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டா?"

சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். "யாருக்கு தைரியம் கம்மியோ, அவங்க நிப்பாங்க."

"நீ நிப்பியா?"

அவள் முன்மூடியின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். பதில் சொல்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது, ஹார்னை ஒலித்தாள்.

வண்டியை வாங்கிவிட்டோம். வேண்டாம் என்று நான் சொன்னால் அவளுக்கு எஞ்சுவது ஜீப்பின் பின்படிதான் என்பதால், என் அச்சத்துக்கு மாற்று எதுவும் என்னிடம் இருக்கவில்லை. விடைபெறும் நாளில் சித்தப்பா அந்த ஸ்டூலையும் வண்டிக்குள் வைத்துக் கொடுத்தார்.

ஸ்காட்லாந்துக்குத் திரும்பி வந்த சில நாட்களில், மூடுபனி இறங்கிய ஒற்றைச் சாலையில் எதிரே ஒரு வண்டி ஒதுங்கி நின்று விளக்கை மின்னவிட்டது. வா என்கிறார் என்பதை அறிவேன். என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. அவர் மீண்டும் மின்னவிட்டார். நான் நகரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே, இரு பக்க வெளிச்சமும் விழுந்த வெற்றுச் சாலை நெடுநேரம் கிடந்தது.

அந்த வண்டியைப் பற்றி நான் உறுதியாக அறிந்தவற்றை எழுதிவிட்டேன். சரிந்த சுவரைக் கட்டிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. குறுகலின் இரு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் விளக்குகள் மின்னும்போது அமுதா நிற்பாளா என்பதும் எனக்குத் தெரியாது.